முருகவேல் மாட்டிய சிவப்புத் தகடு: ஒரு கன்ட்ரோலர் தேடி நெய்வேலிக்கு

கம்பெனி மூடிப்போன மின்சார ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு விழிபிதுங்கி நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள் என் வண்டி ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். காரணம் அவ்வளவுதான்.

பண்ருட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து வர வேண்டும். எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனது. (இதைப் படித்து ‘அச்சச்சோ’ சொல்கிறவர்கள் தயவுசெய்து அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கட்டிய மின்சார ஸ்கூட்டர்தான் எனக்குக் கால். அதில் ரிவர்ஸ் உண்டு. ஒரு சந்துக்குள் நுழைந்து, வேலை முடித்து, யாரையும் கூப்பிடாமல் நானே பின்னால் எடுத்து வருவேன். அந்த ஒரு பட்டனுக்காகத்தான் அந்த வண்டியை வாங்கினேன்.

வாங்கிய இரண்டாம் வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். கடலூரில் இருந்த ஷோரூமில் இப்போது மெத்தை விற்கிறார்கள். மழை ஆரம்பித்த வாரம் வண்டி நடுரோட்டில் நின்றது. மூன்று வாரம் ஆட்டோ பிடித்துச் சமாளித்துப் பார்த்தேன். விடிகாலையில் ஆட்டோக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சர்க்கரை நோயாளிகள் எட்டரை மணி வரை பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். ‘திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்’ என்றார் முதலாளி. அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்த நோயாளிகளின் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்.

இப்படிப்பட்ட வண்டிக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ‘அனாதை வண்டிகள்’ என்று பெயர். அதில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர். அவருடைய வண்டியும் என்னுடைய மாடலேதான். ‘ரிப்பேருக்குக் கொடுத்தது வடலூரிலேயே நிற்கிறது, எனக்கு இனி வேண்டாம், ஸ்பேர் தேவைப்படுகிறவர்கள் நெய்வேலி செல்வராசுவிடம் கேளுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். செல்வராசுவுக்குப் போன் போட்டேன். வண்டியை எடுத்து வரச் சொன்னார். வடலூர் வண்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காலை 7.10க்கு வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றினோம். டிரைவர் ஏழுமலை எங்கள் தெருக்காரர்தான். போக வர 1,400 ரூபாய். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். காடாம்புலியூர் தாண்டும் வரை தூறல். முத்தாண்டிக்குப்பத்தில் நிறுத்தி டீ குடித்தோம். வழி முழுக்க முந்திரித் தோப்பு, அதற்கு மேல் தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு 8.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோ மீட்டரில் 28 கிலோமீட்டர் காட்டியது.

செல்வராசுவின் பட்டறை டவுன்ஷிப்புக்கு வெளியே, அவர் வீட்டு முன்பக்கம் தகரம் போட்ட இடம். போர்டு கிடையாது. ஆனால் வாசலில் ஒன்பது மின்சார வண்டிகள் நின்றன. நெய்வேலியில் இந்த வண்டிகள் அதிகம். ரோடு சமதளம், ஒவ்வொரு பிளாக்கும் பக்கம் பக்கம், ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் கடைசி வருடங்களில் கியர் வண்டியை விட்டுவிட்டு இதற்கு மாறிவிடுகிறார்கள். செல்வராசுவுக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். அதிகம் பேசாதவர். என் வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினார். சீட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய ஒரு சிவப்புத் தகட்டை எடுத்து என் ஹேண்டில்பாரில் மாட்டினார். உள்ளங்கை அளவுத் தகரம். வெள்ளை பெயிண்டில் ‘ஆள் வேலையில்’ என்று எழுதி, கீழே அவர் பெயர். வாசலில் நின்ற வண்டிகளில் நான்கில் அதே தகடு இருந்தது. ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்தார். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், பல கடைகளில் செய்யமாட்டார்கள். முதலில் பேட்டரி வோல்டேஜ், அப்புறம் ஆக்ஸிலேட்டர், அப்புறம் மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்கள், அதன் சென்சார் ஒயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சரி என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் கன்ட்ரோலரில் கை வைத்தார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற அலுமினியப் பெட்டி அது. மூடியைத் திறந்ததும் கருகிய நாற்றம். உள்ளே தண்ணீர்த் தடம் இருந்தது. சைடு வீல் மாட்டிய ஆள் பிராக்கெட்டுக்காக ஃபிரேமில் போட்ட ஓட்டை, ஒயர் நுழைகிற ரப்பரையும் சேர்த்துக் கிழித்திருக்கிறது. மூன்று மழை நனைந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

பொதுவாகக் கிடைக்கிற கன்ட்ரோலர் ஒன்று மாட்டலாம் என்றார் செல்வராசு. வண்டி ஓடும், ஆனால் டிஸ்ப்ளே எரியாது, ரிவர்ஸும் வராது. ரிவர்ஸ் உள்ளதை வரவழைத்து என் வண்டிக்குத் தோதாகச் செய்யப் பத்து நாள் ஆகும். என்னிடம் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றேன். போனை எடுத்து வடலூர் வண்டியின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அதத் தொட முடியாதுங்க மேடம்.”

ஏன் என்றேன். மீட்டர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். வண்டிக்காரரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே என்றேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு வருகிற கோபம் ஊர் அறிந்தது. “அவசரத்துல இருக்கா, நொண்டி வேற, எவ்வளவு கேட்டாலும் குடுப்பான்னு பதுக்கி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டேன். ஏழுமலை டீ கிளாஸோடு எழுந்து வெளியே போய்விட்டார். செல்வராசு கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தார்.

“அந்த வண்டில தொங்கறது என் டேக் இல்லீங்க. முருகவேல் டேக்.”

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். செல்வராசுவும் முருகவேலும் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினோரு வருடம் ஒன்றாக எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர்கள். நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் வேலை. பெல்ட்டுக்குள் இறங்குகிறவன் முதலில் கரண்டை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, தன் பெயர் போட்ட தகட்டை ஸ்விட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. ஷிப்ட் முடிந்து அவன் மறந்து வீட்டுக்குப் போயிருந்தாலும் சரி, அவன் வீடு வரை போய், அவன் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, ‘வேலை முடிந்ததா?’ என்று கேட்க வேண்டும். அவன் ‘முடிந்தது, எடுத்துக்கொள்’ என்று சொன்ன பிறகுதான் தகட்டில் கை வைக்கலாம். கான்ட்ராக்ட் முடிந்து இருவரும் சேர்ந்து இந்தப் பட்டறை போட்டபோது அந்தப் பழக்கத்தையும் இங்கே கொண்டுவந்தார்கள். சக்கரத்துக்குள் ஒருவன் கை இருக்கும்போது இன்னொருவன் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டால் விரல் மிஞ்சாது, இல்லையா?

அந்தத் திருநெல்வேலிக்காரர் வண்டியை முருகவேல் வடலூரில் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை தகடு மாட்டிப் பிரித்துப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது.

“கேக்கறதுக்கு ஆள் இல்லீங்களே” என்றார் செல்வராசு.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சரி, ரிவர்ஸ் இல்லாமலே மாட்டிவிடுங்கள், எப்படியோ பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு முன் பட்டறைச் சாய்தளத்தில் வண்டியைக் கொஞ்சம் பின்னால் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தன் தகட்டைத் தானே கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். உட்கார்ந்து இடது காலால் மட்டும் உந்தினேன். சைடு வீல் ஒரு செங்கல் விளிம்பில் இடித்து நின்றது. மறுபடி உந்தினேன். இடது பாதம் ஈரத்தில் வழுக்கியது. ஏழுமலை ஓடி வந்து பிடித்தார். பிடிக்காதீர்கள் என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன். அரை அடிகூட நகரவில்லை. தினமும் எட்டு சந்து, ஒவ்வொன்றிலும் இப்படித்தான் ஆகும்.

செல்வராசு உள்ளே போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க, வடலூர் போலாம்” என்றார்.

மணி 11.05. ஆர்ச் கேட்டிலிருந்து வடலூர் லோடு ஆட்டோவில் இருபது நிமிடம். முன்னால் இரண்டு பேர் இடத்தில் மூன்று பேர். செல்வராசு ஜன்னலோரம் ஸ்க்ரூடிரைவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சபைக்குக் கும்பிடப் போகிற கூட்டம் வழியில் இருந்தது. அதைக் கடந்து ஒரு தெருவில் ஓட்டு வீடு. முருகவேலின் மனைவி தேவகி டவுன்ஷிப் பூங்காவில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். அன்று இரண்டு மணி ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். செல்வராசுவை வாசலில் பார்த்ததும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, ‘வாங்க தம்பி’ என்றார். என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். பார்த்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் தகரத்துக்குக் கீழே அந்த வண்டி நின்றது. ஒன்றரை வருடம் நின்ற வண்டி மாதிரியே இல்லை. தூசி இல்லை. நெய்வேலிப் பக்கம் ஒரு வாரம் துடைக்காவிட்டால் எந்த வண்டியிலும் பழுப்புத் தூசி படிந்துவிடும். ஹேண்டில்பாரில் சிவப்புத் தகடு. ‘ஆள் வேலையில். மு. முருகவேல்’.

நான் யார், என்ன வேண்டும், திங்கட்கிழமை என்ன ஆகும் என்பதையெல்லாம் செல்வராசு சுருக்கமாகச் சொன்னார். தேவகி கேட்டுவிட்டு அந்த வண்டியின் சீட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

“நீங்க என்னிக்காவது வந்து கேப்பீங்கன்னுதான் தம்பி தொடச்சிக்கினு இருந்தேன். பசங்களக்கூடத் தொடவுடல” என்றார்.

உள்ளே போய்க் கணவரின் நீலச் சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்தார். அதன் பையில் ஃபியூஸ் இருந்தது. அதை அப்படியே எடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

செல்வராசு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். தகட்டுக்கு அருகில் கையைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். எங்களைப் பார்க்கவில்லை, தகட்டில் எழுதிய பெயரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“முருகவேலு, வேல முடிஞ்சுதா?”

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. தேவகி சட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“முடிஞ்சுது தம்பி. எடுத்துக்கங்க.”

செல்வராசு தகட்டைக் கழற்றித் தேவகியின் கையில் கொடுத்தார். நான் அழுதேன். இதை மறைத்து எழுதுவதில் என்ன இருக்கிறது? முன்பின் தெரியாத மனிதருக்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

சீட்டைத் தூக்கியபோது கன்ட்ரோலர் மூடியின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. பால்பாயின்ட் பேனா எழுத்து: ‘பேட்டரி போச்சு. மோட்டார் ஓகே. கன்ட்ரோலர் ஓகே. மு.’ அடுத்த ஷிப்ட்காரன் தெரிந்துகொள்ள எழுதி வைக்கிற பழக்கம் என்றார் செல்வராசு. அந்த எழுத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் முருகவேல் போயிருக்கிறார். தகட்டை யாரும் தொடாததால் ஒன்றரை வருடம் அதைப் படிக்க ஆள் இல்லாமல் போயிற்று. மீட்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “அவன் ஓகேன்னு எழுதிட்டா ஓகேதாங்க” என்றார்.

கன்ட்ரோலருக்கு 2,500 ரூபாய் தேவகியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார், எனக்கு அது பிடித்திருந்தது. ஃபியூஸை மட்டும் செல்வராசு வாங்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும் அண்ணி என்று சொல்லிவிட்டார்.

ஒரு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினோம். மறுபடி ஸ்டாண்ட், மறுபடி ஃபியூஸ் சட்டைப் பைக்கு, மறுபடி அவர் தகடு என் வண்டியில். மாட்டுவதற்கு இரண்டு மணி நேரம், லேப்டாப்பில் ஏதோ தட்டி டிஸ்ப்ளேயோடு அதைச் சேர்க்க இன்னொரு மணி நேரம். கிழிந்த ரப்பரை மாற்றி, ஃபிரேம் ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைத்து, ஒயர்கள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினார். தண்ணீர் வந்தால் வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. வெள்ளை டேப்பை உரிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கூலி 900 ரூபாய். காலையில் பேசிய பேச்சுக்கு இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்” என்றார்.

4.40க்கு ரிவர்ஸ் பட்டனை அழுத்தினேன். பீப் பீப் என்று அதே சத்தம். சாய்தளத்தில் தானாகப் பின்னால் ஏறியது. பண்ருட்டிக்கு வண்டியை ஓட்டியே வந்தேன். ஏழுமலை காலி ஆட்டோவோடு பின்னாலேயே வந்தார். வீடு சேர 6.05 ஆனது, பேட்டரியில் 51 சதவீதம் மீதி இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வண்டி ஓடாவிட்டாலும் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள், காலி பேட்டரியை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. பில், சார்ஜர், இரண்டு சாவி எல்லாம் கையில் இருக்கட்டும். சைடு வீல் மாட்டுகிறவர்கள் ஃபிரேமில் ஓட்டை போடப் போனால் அங்கேயே நின்று ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பிரஷர் பம்ப்பில் மட்டும் கழுவாதீர்கள். பழைய கன்ட்ரோலரைத் தூக்கிப் போடாதீர்கள், என்னுடையதைச் செல்வராசு உதிரிக்காக வைத்துக்கொண்டார். நெய்வேலிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஆர்ச் கேட்டில் லோடு ஆட்டோவைத் திருப்ப முடியாது. பட்டறையில் சிவப்புத் தகடு தொங்குகிற வண்டி எதுவாக இருந்தாலும், உங்கள் சொந்த வண்டியே ஆனாலும், கையை வைக்காதீர்கள். மாட்டியவர் வந்து கழற்றுவார்.

திங்கட்கிழமை 5.50க்கு முதல் வீடு. சந்துக்குள் வண்டியை விட்டுவிட்டு ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். குழாயில் அவர் பெயர், எடுத்த நேரம், ஓரத்தில் என் முதல் எழுத்து. பன்னிரண்டு வருடமாகக் கிறுக்கிவிட்டுப் போகிற லேபிள். அதைப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறவர் வாங்கி, நான் எழுதியதை நம்பி மெஷினில் வைப்பார். அன்று பேனாவை எடுத்து, குழாயைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரி எழுதினேன். பிறகு வெளியே வந்து, யாரையும் கூப்பிடாமல், வண்டியைப் பின்னால் எடுத்தேன்.